எசமானின் யோக்கியதை என்ன?

கரிசல் காட்டுக்காரன் கடல் கடக்கப் புறப்படுகிறான்.

வானம் பார்த்த பூமி இது. புரட்டாசியிலே விதைத்துவிட்டுத் தை மாதம் வரையிலே மேகத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கும் பூமி. உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் மழை மனம் வைத்தால் வீடு வந்து சேரும். மழை முகம் திருப்பினாலோ, விதைக்கு வாங்கிய கடன் மட்டுமே வீடு வந்து சேரும். காடு கைவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் காப்பாற்றும் என்றிருந்தார்கள். அங்கேயும் பல கைகள் செய்த வேலையை இயந்திரம் பறித்துக் கொண்டது. ஆகவே, கோவில்பட்டியிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் இளைஞன் புறப்படுகிறான். குவைத்துக்குப் போகிறான், துபாய்க்குப் போகிறான், சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறான்.

புறப்படுகிறவனைச் சும்மா விடுகிறார்களா? சோதனை! சோதனைக்கு மேல் சோதனை!

பாஸ்போர்ட் அலுவலகத்திலே 500 ரூபாய் கட்டிப் போலீஸ் நற்சான்று வாங்க வேண்டும். மருத்துவ நிலையத்திலே இரத்தம் கொடுக்க வேண்டும்; மார்புப் படம் எடுக்க வேண்டும். படித்தவன் என்றால் சான்றிதழுக்கு மாநில சர்க்காரின் முத்திரை ஒன்று, டெல்லி வெளியுறவு அமைச்சின் முத்திரை ஒன்று, சில நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை இன்னொன்று. நர்சு வேலைக்குப் போகிற தங்கை என்றால், அவள் படித்த கல்லூரிக்கும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேட்டு உண்மை பொய் அறிவதற்கென்றே தனிக் கம்பெனி இருக்கிறது. போய் இறங்கியதும் விரல் ரேகை. இத்தனையும் முடிந்த பிறகுதான் அவன் சாந்துச் சட்டியைத் தொடலாம்; அவள் நோயாளியின் நாடியைத் தொடலாம்.

மடியிலே கனமிருந்தால்தானே வழியிலே பயம்? விசாரிக்கட்டும்! தாராளமாக விசாரிக்கட்டும்! ஆளை வேலைக்கு எடுக்கிறவன் ஆளைப் பற்றி விசாரிப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டப் போகிறவன் குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவனா என்று கேட்பது நியாயம். நோயாளிக்கு ஊசி போடப் போகிறவள் உண்மையிலேயே படித்தவள்தானா என்று கேட்பது அதைவிட நியாயம். கள்ளச் சான்றிதழோடு போகிற ஒருவனால் நல்ல சான்றிதழோடு போகிற நூறு பேர் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். ஆகவே, விசாரணை வேண்டும்.

நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. வேலைக்காரனின் யோக்கியதையை இத்தனை பேர் விசாரிக்கிறீர்களே, எசமானின் யோக்கியதையை விசாரித்தது யார்?

பூர்வோத்தரம் விசாரிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. கல்யாணம் பேசும்போது பெண் எடுக்கிறவன் விசாரிக்கிறான். பெண் கொடுக்கிறவனும் விசாரிக்கிறான். மாப்பிள்ளை குடிகாரனா, கடன்காரனா, மாமியார் எப்படி, அந்த ஊரிலே தண்ணீர் வசதி உண்டா என்று பத்துப் பேரிடம் கேட்ட பிறகே தாம்பூலம் மாற்றுகிறான். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் நடக்கும் விசாரணை.

இன்னொரு விசாரணையும் நம் ஊரிலே உண்டு. மாட்டுத்தாவணியிலே நடப்பது அது. வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், வாலைத் தூக்கியும் பார்க்கிறான். மாடு அவனை விசாரிப்பதில்லை. அவன் வைக்கோல் போடுவானா, சாட்டையால் அடிப்பானா என்று கேட்க மாட்டுக்கு வாய் இல்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முறை இந்த இரண்டிலே எதைப் போல இருக்கிறது? தோழர்களே, நீங்களே சொல்லுங்கள்!

இது நேற்று முளைத்த வழக்கமல்ல. நம்முடைய பாட்டன் காலத்து வழக்கம்.

திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தார்களே, அப்போதும் சோதனை இருந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறையிலும், பிற்பாடு மண்டபத்திலும் முகாம் போட்டு ஆட்களை நிறுத்திவைத்தார்கள். காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா, உடம்பிலே வலு இருக்கிறதா என்று பார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆளுக்கு நோய் உண்டா என்று பார்த்த துரை, தோட்டத்திலே மருந்து உண்டா என்று பார்த்தானா? ஆள் ஓடிப் போவானா என்று கவலைப்பட்ட கங்காணி, அவனுக்குக் கூலி ஒழுங்காக வருமா என்று கவலைப்பட்டானா?

ஆளுக்கு ஜாமீன் கங்காணி. கங்காணிக்கு ஜாமீன் யார்? யாருமில்லை! அவன் கொடுத்த முன்பணம் கடனாகியது. கடன் தீர்ந்தால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ கையில் இல்லாமல் ஒரு தோட்டத்துக்காரன் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சாதாரணக் கூலி வேலைக்கு இலங்கைக்கு ஆள் அனுப்புவதே 1939இல் தடுக்கப்பட்டது. ஆனால் போனவர்கள் கதி என்னவாயிற்று? 1948இல் இலங்கை சர்க்கார் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, சான்று காட்டு என்றது. தகரத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவனிடத்திலே தகப்பனின் பிறப்புச் சான்று கேட்டால் எங்கே போவான்? காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகளின் வரலாறு எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. காகிதத்தின் வரலாறு மட்டுமே வேண்டியிருந்தது. நாடற்றவர்களாய் நின்ற 9,75,000 பேரை 1964 அக்டோபரிலே இரண்டு நாட்டுப் பிரதமர்களும் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று! அப்படிப் பங்கு பிரிக்கும்போது, எங்கே போக விருப்பம் என்று அவர்களைக் கேட்டவன் யார்?

முன்வரலாறு விசாரணையிலே இதைவிடக் கொடியது ஒன்றும் நம் மண்ணிலே நடந்தது. ஆள் என்ன செய்தான் என்று பாராமல், ஆள் யாருக்குப் பிறந்தான் என்று பார்த்த விசாரணை அது. குற்றப் பரம்பரைச் சட்டம்! 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கள்ளர், மறவர் முதலிய வகுப்பாரைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவேட்டிலே எழுதியது. ரேகை வைக்கச் சொன்னது; இரவிலே காவல் நிலையத்திலே வந்து படுக்கச் சொன்னது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கியாலே சுட்டது. தொட்டிலிலே கிடந்த குழந்தைக்குக்கூட முன்வரலாறு எழுதி வைத்த அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே 1947இல் தொலைந்தது; இந்தியா முழுவதிலும் 1952இல் தொலைந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? பதிவேடு என்பது கத்தியைப் போன்றது. வைத்தியன் கையிலே இருந்தால் உயிரைக் காக்கும். வஞ்சகன் கையிலே இருந்தால் உயிரைக் குடிக்கும். ஒரு மனிதனின் செயலை எழுதி வைப்பது ஒன்று. சாதியை, ஊரை, தெருவை எழுதி வைத்து அதைக் கொண்டு அவன் யோக்கியதையை அளப்பது வேறொன்று. இன்றைக்கும் “எந்த ஊர்? எந்தப் பக்கத்து ஆள்?” என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிற ஏஜெண்டு இருந்தால், 1911இன் ஆவி இன்னும் அலைகிறது என்றே பொருள்.

சரி, இன்றைய நற்சான்றுக்கு வருவோம். போலீஸ் பதிவேட்டிலே பெயர் இருந்தால் நற்சான்று சிக்கலாகும். யார் பெயர் இருக்கும்? திருடன் பெயர் இருக்கும். அடிதடிக்காரன் பெயர் இருக்கும். அதோடு, குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்தவன் பெயரும், கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவன் பெயரும், ஊர்வலத்திலே முன்வரிசையிலே நடந்தவன் பெயரும் இருக்கும்!

நம் மாவட்டத்துக்கே தெரிந்த கதை இருக்கிறதே! 2018 மே 22. தூத்துக்குடியிலே ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் பலி. அதைத் தொடர்ந்து வழக்குகள் குவிந்தன. மாணவன் பெயரிலே வழக்கு, மீனவன் பெயரிலே வழக்கு, வேடிக்கை பார்த்தவன் பெயரிலேகூட வழக்கு என்று ஊரெல்லாம் புலம்பல். நாளைக்கு இந்தப் பையன் மேல்படிப்புக்குப் போக வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். வெளிநாடு போக வேண்டும். எங்கே போனாலும் அந்த வழக்கு அவனுக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுமே! அதனாலேதான் 2021 மே மாதத்திலே, நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. படிப்புக்கும் வேலைக்கும் தடை வராமலிருக்கத் தடையில்லாச் சான்று தரப்படும் என்றும் சொல்லிற்று. வழக்கை எடுத்தால் மட்டும் போதாது, வழக்கின் நிழலையும் எடுக்க வேண்டும் என்று ஓர் அரசே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

ஆகவே, தோழர்களே, இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போராட்ட வழக்கு இருக்கிறது என்றவுடன் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று கலங்க வேண்டாம். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், நீதிமன்றத்திலே நிலுவையில் உள்ள குற்ற வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை எழுதியதாலேயே நீதிமன்றத்திலே வழக்கு நிலுவை என்றாகிவிடாது என்று உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுப் போவதற்கு 1993ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று வழி வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் வேறு, குற்றவாளி வேறு. இந்த வேறுபாட்டை எசமானுக்கு எடுத்துச் சொல்வதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அடுத்து, டெல்லி சர்க்காரின் சோதனைக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று உண்டு. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோருக்குமா? இல்லை! பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவனுக்கே. பத்தாம் வகுப்புத் தேறியவன் பாஸ்போர்ட்டிலே அந்தக் கேள்வியே இல்லை. அவன் தன்னைத் தானே காத்துக்கொள்வானாம்!

என்னே இந்த விந்தை! ஆபத்து எங்கே இருக்கிறது? வேலையிலே இருக்கிறது, வேலை தருகிறவனிடத்திலே இருக்கிறது. சட்டம் எங்கே பார்க்கிறது? வேலைக்காரனின் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்க்கிறது! ஆற்றின் ஆழத்தை அளக்க வேண்டியவன், இறங்குகிறவனின் உயரத்தை அளந்து கொண்டிருக்கிறான்.

இதன் பலன் என்ன? 2022இலே பார்த்தோம். தாய்லாந்திலே கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லிப் படித்த பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். போன இடம் தாய்லாந்தல்ல. எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி. வேலை கணினி வேலைதான். கணினி வழியே ஊரை ஏமாற்றும் மோசடி வேலை! மறுத்தவனுக்கு அடி, மின்சார அதிர்ச்சி என்றும் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலே வெளியுறவு அமைச்சு எச்சரிக்கை விட்டது. அக்டோபரிலே 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். அத்தோடு முடிந்ததா? 2025 மார்ச்சிலே விமானப் படையின் விமானங்களை அனுப்பித் தாய்லாந்து வழியாக 549 இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்தது.

அவர்கள் அங்கே போய்ச் சிக்கியது எதனாலே? அவர்கள் படிக்காதவர்கள் அல்லர்; பட்டம் பெற்றவர்கள் பலர். அவர்கள் பாஸ்போர்ட் உண்மையான பாஸ்போர்ட். அவர்கள் சான்றிதழ் உண்மையான சான்றிதழ். பொய்யாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எசமான்! மியான்மரும் கம்போடியாவும் அந்த 18 நாட்டுப் பட்டியலிலே இல்லை. பட்டியலிலே இருந்திருந்தாலும் பத்தாம் வகுப்புத் தேறியவனுக்குக் கேள்வி இல்லை. எல்லாச் சோதனையும் சரியாக நடந்தது. சோதிக்க வேண்டியவனை மட்டும் எவனும் சோதிக்கவில்லை.

எசமான் பொய்யான எசமானாக இல்லாமல், பெரிய கம்பெனியாகவே இருக்கட்டும். அப்போதாவது விசாரணை தேவையில்லையா? 2024 ஜூன் 12ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். குவைத்திலே மங்காஃப் என்னும் இடத்திலே தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்திலே விடியற்காலையிலே தீப்பிடித்தது. அந்த ஒரு கட்டடத்திலே ஏறத்தாழ 200 பேரை அடைத்து வைத்திருந்தார்கள். 45 இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களிலே தமிழர்கள் 7 பேர். அந்த ஏழு பேரிலே ஒருவர் நம்முடைய கோவில்பட்டி வட்டாரத்துக்காரர். கட்டட முதலாளிகளின் பேராசைதான் காரணம் என்று குவைத் அமைச்சரே குற்றம் சாட்டினார்.

அந்த மனிதருக்கு இரத்தப் பரிசோதனை நடந்திருக்கும். மார்புப் படம் எடுத்திருப்பார்கள். அவர் படுத்து உறங்கப் போகிற கட்டடத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர் யார்? எத்தனை பேருக்கு எத்தனை அறை, தீப்பிடித்தால் இறங்கி ஓடப் படி உண்டா, மாடிக் கதவு திறந்திருக்குமா என்று ஒரு காகிதத்திலே எழுதிக் கேட்டவர் யார்? நுரையீரலைச் சோதித்தார்கள். அந்த நுரையீரலுக்குள் போன புகையை யார் சோதித்தது? கரிசல் மண்ணிலே ஒரு வீட்டுக்குப் பெட்டியிலே பிணம் வந்து சேர்ந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காத வாய் எதற்கு?

“அந்நிய நாட்டு முதலாளியை நாம் எப்படி ஐயா விசாரிப்பது? அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம்” என்பார்கள் சில மேதாவிகள்.

அவர்களுக்குப் பதில் சொல்கிறோம். அந்நிய நாட்டு முதலாளி கோவில்பட்டிக்காரன் மீது எத்தனை வழக்கு என்று கடல் கடந்து விசாரிக்கிறானே, அவனுக்கு மட்டும் எப்படி முடிகிறது? ஆள் வேண்டும் என்ற அவசியம் அவனுக்கு இருக்கிறது, அதனாலே முடிகிறது. ஆளை அனுப்புகிற நாட்டுக்கு அந்த அவசியமே பிடி! 2022இலே சவூதி விசாவுக்குப் போலீஸ் நற்சான்று கட்டாயம் என்றார்கள். கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் நற்சான்றுக்கு அலைந்தார்கள். அதே ஆண்டு நவம்பரிலே இந்தியர்களுக்கு அது தேவையில்லை என்று அவர்களே விலக்கினார்கள். இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து பேசினால் வேலைக்காரனுக்குப் போட்ட நிபந்தனையை எடுக்க முடிகிறது. எசமானுக்கு ஒரு நிபந்தனை போட முடியாதா?

முடியும் என்பதற்கு முளையும் இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டியவர்களுக்கு ‘இ-மைகிரேட்’ என்ற ஏட்டிலே வெளிநாட்டு எசமான் பதிவாக வேண்டும். வேலை ஒப்பந்தம் பதிவாக வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் படித்தவனுக்கும் பாமரனுக்கும், 18 நாட்டுக்கும் மற்ற நாட்டுக்கும் பொதுவாக்கு என்கிறோம். தங்குமிடத்தின் நிலை, முன்பு கொடுத்த சம்பளத்தின் கணக்கு, தொழிலாளர் தொடுத்த புகார்கள் அனைத்தையும் அதிலே எழுது என்கிறோம். எந்த எசமான் மீது எத்தனை புகார் என்று கோவில்பட்டி பஸ் நிலையத்திலே நின்றுகொண்டே ஒருவன் கைபேசியிலே தமிழில் படிக்கும்படி செய் என்கிறோம். இதிலே என்ன அதிசயம்? மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற வேலைதானே!

ஏஜெண்டு விஷயம் இன்னும் வேடிக்கை. பதிவு பெற்ற ஏஜெண்டு ஓர் ஆளிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. வெளியிலே நடக்கிற வசூல் இலட்சத்திலே! கொண்டைக் கம்மலும் தாலிச் சங்கிலியும் காட்டுப் பத்திரமும் அடகுக் கடைக்குப் போகின்றன. பதிவே இல்லாமல் ஆள் அனுப்புகிறவனுக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்த தண்டனை என்ன? இரண்டாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம்! ஒருவனிடம் இலட்சக்கணக்கிலே சுருட்டுகிறவனுக்கு இரண்டாயிரம் அபராதம். ஆட்டைத் திருடியவனுக்குப் புல்லுக்கட்டு அபராதம் போட்ட கதை இது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய மசோதாவின் வரைவை 2025 அக்டோபரிலே டெல்லி வெளியிட்டது. புதிய சட்டம் எந்த வடிவிலே வந்தாலும் நாம் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: அதிலே எசமானைச் சோதிக்கிற பிரிவு எது? அதற்குப் பல் உண்டா, வெறும் ஈறா?

இனி, வேலைக்காரனை விசாரிக்கிற விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அல்லவே நாம்.

முதலாவது, வேலைக்குத் தொடர்புள்ளதை மட்டும் கேட்க வேண்டும். ஓட்டுநரிடம் ஓட்டுநர் உரிமத்தைக் கேள்; சாதியைக் கேளாதே. நர்சிடம் பட்டயத்தைக் கேள். கல்யாணம் எப்போது என்று கேளாதே.

இரண்டாவது, சம்மதம் வாங்கி விசாரிக்க வேண்டும். எதை விசாரிக்கப் போகிறோம் என்பதை அவனுக்குப் புரியும் மொழியிலே எழுதிக் காட்ட வேண்டும். ஆங்கிலத்திலே ஆறு பக்கம் நீட்டி “இங்கே கையெழுத்துப் போடு” என்பது சம்மதமல்ல. அதுவும் ஒரு வகைக் கைரேகைச் சட்டமே!

மூன்றாவது, பாதகமான சேதி வந்தால் அதை அவனிடமே காட்டி விளக்கம் கேட்க வேண்டும். ஒரே பெயரிலே நூறு பேர் உள்ள நாடு இது. முருகன் செய்த குற்றத்துக்கு இன்னொரு முருகன் வேலையிழக்கலாமா? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதிலே தடுமாறி, சான்றிதழிலே ஒரு பெயர், பாஸ்போர்ட்டிலே ஒரு பெயர் என்று நிற்கிறவர்கள் நம்மிலே எத்தனை பேர்! முதலெழுத்துக் குழப்பத்தை மோசடி என்று எழுதிவிட்டால் அந்தப் பழியைத் துடைப்பது யார்?

நான்காவது, விசாரணைச் செலவை எசமான் ஏற்க வேண்டும். சந்தேகம் அவனுடையது; செலவும் அவனுடையதாகட்டும்.

ஐந்தாவது, விசாரணை முடிந்ததும் மூலச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று சட்டமே சொல்கிறது. அதை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிற எசமான் பழைய துண்டு முறையைப் புதிய பெட்டியிலே வைத்திருக்கிறான்.

இதையெல்லாம் குவைத்திடமும் சிங்கப்பூரிடமும் கேட்கிற வாய், வீட்டுக்குள்ளேயும் ஒரு வார்த்தை பேச வேண்டும். வெளியே நியாயம் கேட்டு உள்ளே அநியாயம் செய்கிறவன் பேச்சுக்கு விலையில்லை.

தமிழ்நாட்டு மில்லிலும் பட்டறையிலும் ஓட்டலிலும் கட்டட வேலையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தோழர்கள் வேலை செய்கிறார்கள். நாம் கடல் கடந்து போகக் காரணமான அதே வறுமைதான் அவர்களை ஆறு கடந்து வரச் செய்தது. அவர்கள் பெயரை, ஊரைப் பதிவு செய்வது நல்லது. விபத்து நேர்ந்தால் வீட்டுக்குச் சொல்ல உதவும். கூலி பாக்கி நின்றால் சாட்சியாகும். ஆனால், பதிவு என்ற பெயரிலே அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், “வடக்கத்தியானெல்லாம் திருடன்” என்று வாய் கூசாமல் பேசினால், நாமே குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தவர்கள் ஆவோம். 2023 மார்ச்சிலே, வடநாட்டுத் தொழிலாளரைத் தமிழ்நாட்டிலே வெட்டுகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, பொய் அம்பலமாயிற்று. அந்தப் பொய்க்கு நாம் கொடுக்கும் பதில் சுவரொட்டியிலே இல்லை. நம்மிடம் வேலை செய்கிற அந்நியனை நாம் நடத்துகிற விதத்திலே இருக்கிறது. நம் பிள்ளை துபாயிலே எப்படி நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி அவர் பிள்ளை நம் மில்லிலே நடத்தப்பட வேண்டும்.

இறுதியாக, கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. படிப்பகத்திலே செய்தித்தாள் மட்டும் படித்தால் போதாது. உங்கள் ஊரிலிருந்து வெளிநாடு புறப்படும் ஒவ்வொருவனும் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்களிடம் வரும்படி செய்யுங்கள். ஏஜெண்டு பதிவு பெற்றவன்தானா என்று இ-மைகிரேட் ஏட்டிலே பார்த்துச் சொல்லுங்கள். வேலை ஒப்பந்தத்தை வரி வரியாகத் தமிழிலே படித்துக் காட்டுங்கள். சுற்றுலா விசாவிலே போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று எவன் சொன்னாலும், அவன் தரகன் அல்லன், திருடன் என்று தெருவிலே நின்று சொல்லுங்கள். பணத்துக்கு இரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று அம்மாவின் தகரப் பெட்டியிலே இருக்கட்டும். அந்த நாட்டிலே அதே எசமானிடம் முன்பு வேலை பார்த்தவர் பக்கத்து ஊரிலே இருந்தால் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அதைவிடச் சிறந்த நற்சான்று வேறில்லை. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அயலகத் தமிழருக்கெனத் தனித்துறை இருக்கிறது. தரகன் வாசலுக்குப் போகிற கால் முதலில் அந்த வாசலுக்குப் போகட்டும்.

கடன்பட்டவன் கேள்வி கேட்கத் தயங்குவான். வேலை கிடைத்ததே போதும் என்று வாயை மூடிக்கொள்வான். அவன் ஒருவனாய் நிற்கும்வரை அப்படித்தான். அவனுக்குப் பின்னால் ஓர் ஊர் நிற்குமானால், ஏஜெண்டின் குரல் தணியும். எசமானின் கணக்குப் புத்தகம் திறக்கும்.

கேட்பது பெரிதொன்றுமில்லை. என் கையைப் பார், காய்ப்பு இருக்கிறது. என் சான்றிதழைப் பார், உண்மை இருக்கிறது. என் வழக்கைப் பார். ஊருக்காகப் போராடியது இருக்கிறது. பார்த்தாயிற்றா?

இப்போது நீ உன் கணக்கைக் காட்டு!